ஹார்ட் டிஸ்க்குக்குப் பெயர் வைத்த விஜயதசமி

விஜயதசமிக் காலையில் லோகநாயகி சூடம் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கணினியின் பொத்தானை அழுத்தினாள். கணினி உறுமியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைச் சரசரவென்று ஓடவிட்டது. பாதி வழியில் நின்றது. 'ஹெச்டிபி ஒன்று என்ற டிஸ்க்கைக் காணவில்லை, இதற்கு மேல் போக மாட்டேன், கடவுச்சொல்லைக் கொடுத்து நீயே வந்து பார்த்துக்கொள்' என்ற பொருளில் இங்கிலீஷில் சில வரிகள். அவற்றுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா லோகு, படம் வர்ல?" என்றான் அவள் கணவன் மணவாளன், வாய் நிறையப் பொரியுடன்.

"டிஸ்க்கைக் காணோமாம்."

"டிஸ்க் எங்கடி போவும்? அதுக்கு இன்னா காலா கீது?"

சென்னையில் பாடி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் அந்தத் தகரக் கொட்டகைதான் இவர்கள் இருவரின் பிழைப்பு. கல்யாண மேடை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு எதுவானாலும் பின்னால் நிற்கும் தெர்மகோல் யானையும் அன்னமும் இங்கிருந்து போகும். வெட்டுவது கத்தி இல்லை, ஒரு கம்பி. மின்சாரம் பாய்ந்து சூடான மெல்லிய கம்பியைக் கணினி மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்தும். வெண்ணெய்க்குள் போவதுபோலக் கம்பி தெர்மகோலுக்குள் போகும். இதில் ஒரு சங்கடம் உண்டு. பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைப்பதுபோலக் கம்பியை எடுத்து வைக்க முடியாது. ஓரத்தில் நுழைந்தால், கையெடுக்காமல் போடும் கோலம்போல, ஒரே கோட்டில் எல்லாவற்றையும் சுற்றி முடித்து மறுபடி ஓரத்துக்கே வர வேண்டும். அப்படி ஒரே கோட்டில் ஒரு மயிலை, அதன் கொண்டையோடும் கண்ணோடும் விரித்த இறகு ஒவ்வொன்றோடும் வரைவது எப்பேர்ப்பட்ட வேலை என்று வரைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். லோகநாயகி வரைந்திருந்தாள். அந்த மயிலும், அவள் இத்தனை ஆண்டுகளில் வரைந்த மற்ற எல்லாமும், காணாமல் போன அந்த டிஸ்க்கில் மட்டும் இருந்தன. இன்னொரு நகல் எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லாத வாரமில்லை. எடுத்த வாரமும் இல்லை.

மயில் இன்றைக்குத்தான் வேண்டும். ரேணுகா மிஸ் நசரத்பேட்டையில் திறக்கப்போகும் நாட்டியப் பள்ளிக்கு அதுதான் மேடைப் பின்னணி. விஜயதசமியில் சேரும் பிள்ளைகள் மாலையில் அந்த மயிலுக்கு முன்னால்தான் காலால் தரையைத் தட்டி முதல் அடவான தட்டடவைப் போட வேண்டும். எடுத்துப்போகக் குட்டியானை என்ற சின்ன லோடு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. ராகு காலம் தொடங்குவதற்குள் முதல் வெட்டு விழ வேண்டும் என்பது மணவாளனின் நிபந்தனை. பாரிவாக்கத்தில் பரம்பரையாக நெல் பயிரிட்ட குடும்பம் அவனுடையது. நாற்று நட்டாலும் தெர்மகோல் வெட்டினாலும் நேரம் பார்க்காமல் ஆரம்பிக்க மாட்டார்கள்.

"கம்ப்யூட்டர் ரிப்பேரு பண்ற நம்ம ரோஹித்தக் கூப்புடறேன். ஃபார்மட் போட்டு, புச்சா ஏத்திக் குடுத்துருவான். அரை மணி நேரந்தான்," என்று மணவாளன் போனை எடுத்தான்.

"ஃபார்மட்டா!" லோகநாயகி அவன் கையைப் பிடித்தாள். "போட்டா டிஸ்க் சுத்தமாயிடும், மயிலும் சேர்ந்து. போனை வைங்க."

"காணாம போன டிஸ்க்க எப்டி ஃபார்மட் பண்ணுவான்? நீயே சொல்லு."

கேள்வியில் நியாயம் இருந்ததால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பச்சையப்பன் உள்ளே வந்தார். வெட்டின துண்டுகளை ஒட்டி வர்ணம் அடிப்பவர். ஐம்பது வயது, தோளில் எப்போதும் ஒரு துண்டு. எதைப் பார்த்தாலும் துடைத்துவிடுவார். நேற்று ஆயுத பூஜைக்கு முன்னால் கணினியையும் அவர்தான் சுத்தம் செய்தார்.

"அண்ணே, நேத்து டப்பாவைத் திறந்தீங்களா?"

"தொறக்காம எப்டிம்மா? உள்ள ஒரு மூட்டை தூசி. ஒண்ணொண்ணா கயட்டி, தொடச்சி, சாமிகிட்ட வெச்சி, சந்தனம் குங்குமம் இட்டு, மறுபடி மாட்டிட்டேன். பாரு, எப்டி மின்னிகினு கீது!"

லோகநாயகி பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். உண்மையாகவே மின்னியது. மின்விசிறிக்கு ஒரு பொட்டு. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் பொட்டு. பட்டையான சாம்பல் நிறக் கேபிளின் நடுவில், டிஸ்க்கில் செருகுவதற்காக இருக்கும் கொண்டிக்கு மட்டும், பொட்டு இல்லை, பூச்சு. அதன் சின்னச் சின்ன ஓட்டைகள் எல்லாம் சந்தனத்தால் அடைபட்டுக் காய்ந்து கல்லாகியிருந்தன. அந்தக் கொண்டி எதிலும் மாட்டாமல் தொங்கியது.

"அண்ணே, இது?"

"ஓட்ட ஓட்டயா பாக்க நல்லால்லம்மா. அதான் பூசி உட்டேன். அப்பால பாத்தா அது டிஸ்குல ஏற மாட்டேன்னு அடம். பக்கத்துல இன்னொரு பட்டை இருந்திச்சி, சிடி பொட்டில மாட்டிகினு. சிடியெல்லாம் இப்போ யாரு பாக்குறா? அதுல டிஸ்க்க மாட்டிட்டேன். கச்சிதமா பூந்துகிச்சி!"

"அண்ணாத்தே," என்றான் மணவாளன் பக்தியோடு, "ஒனக்குத் தனியா ஒரு சந்தனக் காப்பு பண்ணணும்."

லோகநாயகி வெங்கட்டுக்குப் போன் போட்டாள். கல்லூரியில் அவளோடு படித்தவன். இந்தப் பழைய கணினியைக் காயலாங்கடை விலைக்கு வாங்கி, அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டு, கம்பியை ஆட்டிவைக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். மாமியார் வீட்டாரோடு வேனில் காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தான். நெரிசலில் வேன் ஒரே இடத்தில் நின்றிருந்ததால் குஷியாகப் பேசினான். அவள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வேன் முழுவதும் சிரித்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தான் போலிருக்கிறது, அவளும் போட்டாள்.

"லோகா, உன் டிஸ்க் எங்கயும் போகல. வீடு மாறிடுச்சு, அவ்ளோதான்."

நடந்தது இதுதான். அந்தக் காலத்துக் கணினிகளில் டிஸ்க்குக்குப் பெயர் கிடையாது, இருக்கும் இடம்தான் பெயர். முதல் கேபிளின் முதல் இடம் ஹெச்டிஏ, அதே கேபிளின் இரண்டாவது இடம் ஹெச்டிபி, அடுத்த கேபிளில் முதல் இடம் ஹெச்டிசி. லினக்ஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் எஃப்ஸ்டேப் என்ற சின்னக் கோப்பைப் படிக்கும். அதில் டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரி: எந்த டிஸ்க்கில் எத்தனையாவது பகுதி, அதை எந்த வாசலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், எழுதலாமா படிக்க மட்டுமா, எழும்போதே நாடி பிடித்து நலம் பார்க்க வேண்டுமா என்று. மயில் இருக்கும் வரியில் 'ஹெச்டிபியின் முதல் பகுதி' என்றும் 'நாடி பார்' என்றும் எழுதியிருந்தது. பச்சையப்பன் அதை ஹெச்டிசிக்குக் குடியேற்றிவிட்டார். லினக்ஸ் பழைய வீட்டுக் கதவைத் தட்டியது, ஆள் இல்லை, பதறிப்போய் நின்றுவிட்டது.

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவாட்டர்ஸில் வளர்ந்த லோகநாயகிக்கு இது உடனே பிடிபட்டது. அங்கே ஆளை வீட்டு எண்ணால்தான் சொல்வார்கள். யாராவது மாற்றலாகிப் போனால், புதிதாக வந்தவர் வீட்டுக்கு ஆறு மாதம் வரை பழையவருக்கான கல்யாணப் பத்திரிகை வந்துகொண்டிருக்கும்.

"அப்போ வரியில பி-யை அடிச்சுட்டு சி-ன்னு போட்டா சரியாயிடுமா?"

"ஆயிடும். அடுத்த ஆயுத பூஜை வரைக்கும்," என்றான் வெங்கட். "முதல்ல ஆள் உசுரோட இருக்காரான்னு பாப்போம். படிக்க மட்டும்னு சொல்லித் திற. கை தவறினாலும் அதுல ஒரு எழுத்துகூட மாறாது."

கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். உள்ளே போய், ஹெச்டிசியின் முதல் பகுதியைப் படிக்க மட்டும் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். திரையில் பெயர்கள் கொட்டின. அன்னம், ஆலிலை, யானை, இன்னொரு யானை, தும்பிக்கை தூக்கிய யானை. திரை நிரம்பி மேலே ஓடியது. கடைசியில் மயில்.

"இருக்கு!" என்று அவள் கத்தின கத்தலில் வெளியே நின்ற லாரி கிளீனர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவளுக்குத் தெரியாமல் ஏற்கெனவே வரச் சொல்லியிருந்த ரோஹித்துக்கு மணவாளன் போன் போட்டு, "மாமே, வராத. வந்தா என் பொண்டாட்டி ஒன்னிய ஃபார்மட் பண்ணிருவா," என்று வைத்தான்.

"இப்போ மூடு," என்றது வெங்கட்டின் குரல். "அடுத்தது எஃப்ஸ்டேப். அதைத் தப்பா எழுதினா மொத்த சிஸ்டமும் எழாது. அதனால கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நகல்."

இந்த மாதிரி நேரத்தில் லினக்ஸ் தன் சொந்த டிஸ்க்கையும் படிக்க மட்டும்தான் திறந்து வைத்திருக்கும். ஆபரேஷன் செய்யும் இடத்தில் யாரும் கைவைக்காமல் இருக்கத் துணி போர்த்துவதுபோல. அந்தத் துணியை விலக்க ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்து, எஃப்ஸ்டேப்பை 'எஃப்ஸ்டேப் பழசு' என்ற பெயரில் பக்கத்திலேயே நகலெடுத்தாள். இனி எது கெட்டாலும் பழசை எடுத்துப் புதுசின் மேல் போட்டால் போதும். அவளுடைய தோள் இரண்டும் ஒரு அங்குலம் இறங்கின.

"இப்போ டிஸ்க்குக்குப் பேர் வைக்கணும்," என்றான் வெங்கட். "வீட்டு நம்பரை நம்பினாத்தானே இந்தக் கஷ்டம்? டிஸ்க்குக்குள்ளயே ஒரு பேரை எழுதிட்டு, எஃப்ஸ்டேப்ல அந்தப் பேரைப் போட்டுட்டா, அண்ணன் அதை எந்தக் கேபிள்ல மாட்டினாலும் லினக்ஸ் தேடிக் கண்டுபிடிச்சுடும். பேரை டிஸ்க் மூடியிருக்கும்போது எழுதினா போதும், படங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பதினாறு எழுத்துக்குள்ள, இங்கிலீஷ்ல."

அவ்வளவுதான். பெயர் வைக்க வேண்டும் என்று சொன்னால் போதாதா?

"மணவாளன்னு வையி," என்றான் மணவாளன். "ஊட்டுக்காரன் பேரு."

"உங்க பேர்ல இருந்தா அதுவும் சொன்ன பேச்சு கேக்காது."

"பச்சையப்பன்னு வெச்சா நானே பாத்துக்குவேன்மா," என்றார் பச்சையப்பன்.

"நீங்க பாத்துக்கிட்டதாலதாண்ணே இதெல்லாம்."

போனுக்குள்ளிருந்து வெங்கட்டின் மாமியார் பேசினார். "ஏம்மா, காஞ்சி காமாட்சி அம்மன்னு வைம்மா. நாங்க அங்கதான் போறோம், அர்ச்சனையே பண்ணிடறோம்."

"அத்தை, பதினாறு தாண்டுது," என்றான் வெங்கட்.

"சரி, அந்த டிஸ்க் என்ன நட்சத்திரம்?"

வேனில் யாரோ, வாங்கின நாளா முதலில் ஓடின நாளா, எதை வைத்துக் கணிப்பது என்று ஆரம்பித்தார்கள். லோகநாயகி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். இரைந்துகொண்டிருந்த கணினி அவள் நெற்றிக்கு இதமாக அதிர்ந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த மணவாளன் மட்டும், "சீக்கிரம் சொல்லுங்கப்பா, ராகு கேட்டாண்ட வந்துட்டாரு," என்று பறந்தான்.

"மயில் இருக்கிற டிஸ்க்குதானே," என்றார் மாமியார். "தோகைன்னு வைங்களேன்."

வேனும் கொட்டகையும் ஒரே நேரத்தில் கை தட்டின. லோகநாயகி தோகை என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து என்டர் தட்டினாள். பச்சையப்பன் குனிந்து, திறந்திருந்த டப்பாவின் காதோரம் என்று அவர் முடிவு செய்த இடத்தில், "தோகை, தோகை, தோகை," என்று மூன்று முறை சொன்னார். மணவாளன் பொரியை அட்சதையாகத் தூவினான். கொஞ்சம் கீபோர்டிலும் விழுந்தது.

இப்போது எஃப்ஸ்டேப்பைத் திருத்துவதற்காகத் திறந்தாள். பழைய வரியை அழிக்க வேண்டாம் என்றான் வெங்கட். அதன் முன்னால் ஒரு கட்டக்குறி போட்டால் லினக்ஸ் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும், மனிதர் படிக்கலாம். கர்சர் கோப்பின் தலைப்பில் நின்றது. அவள் போன் பக்கம் திரும்பி, "கட்டக்குறின்னா மூணு மேல இருக்கிறதுதானே?" என்று கேட்பதற்குள் பக்கத்திலிருந்து பச்சையப்பனின் விரல் வந்து எதையோ பொறுக்கிக்கொண்டு போயிற்று. அவள் கவனிக்கவில்லை. அம்புக்குறியால் கீழே இறங்கினாள். ஹெச்டிபி வரியின் முன்னால் குறி போட்டாள். அதற்குக் கீழே புது வரி: தோகை என்ற பெயருள்ள டிஸ்க், அதே வாசல், அதே வகை, மற்றதெல்லாம் பழைய வரியில் இருந்தபடியே. சேமித்தாள்.

"முடிஞ்சுது! ரீஸ்டார்ட் பண்றேன்."

"கையை எடு!" என்று வேன் அலறியது. வெங்கட் மட்டுமல்ல, மாமியாரும் அலறினார். இதற்குள் அவருக்கும் விஷயம் பழகிவிட்டது. "பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாரு. ரெண்டுக்கும் எது வித்தியாசமோ அதை மட்டும் காட்டும். குறி போட்ட வரி, புது வரி, அதைத் தவிர வேற எதுவும் வரக்கூடாது."

அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். குறி போட்ட வரி வந்தது. புது வரி வந்தது. அவற்றுக்கு மேலே, யாரும் அழைக்காமல், கோப்பின் முதல் வரியும் வந்து நின்றது. லினக்ஸ் குடியிருக்கும் டிஸ்க்கின் வரி. அதன் தலையில் ஒரு 'ஒன்று' என்ற எண் உட்கார்ந்திருந்தது.

லோகநாயகி திரைக்குக் கிட்டே குனிந்தாள். "இந்த வரியை நான் தொடவே இல்லையேடா."

"அதோட ரீஸ்டார்ட் பண்ணியிருந்தா, தன் சொந்த வீடே எங்கன்னு தெரியாம நின்னிருக்கும்."

மூவரும் கீபோர்டைப் பார்த்தார்கள். பிறகு இருவர் பச்சையப்பனைப் பார்த்தார்கள். அவர் மெல்வதை நிறுத்தினார்.

"ஒண்ணாம் நம்பர் மேல ஒரு பொரி கெடந்திச்சிம்மா," என்றார். "அயுக்கா கீதேன்னு எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"துன்ட்டேன்."

மணவாளன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது. பச்சையப்பனே தன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலுங்கினார். லோகநாயகி சிரித்துக்கொண்டே அந்த ஒன்றை அழித்து, சேமித்து, மறுபடி ஒப்பிட்டாள். குறி போட்ட வரி, புது வரி. வேறொன்றும் இல்லை. நகல் எடுத்து வைப்பது கெட்டால் திருப்பிப் போட மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள். கெட்டதா என்று காட்டுவதும் அதேதான் என்பது இப்போது தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் போனை ஒரு முறை முத்தமிட்டாள். அது மாமியாருக்குப் போய்ச் சேர்ந்தது.

"இன்னும் ரீஸ்டார்ட் பண்ணாத," என்றான் வெங்கட். "தூங்கி எழுந்தப்புறம் தப்பைக் கண்டுபிடிக்கிறதை விட, முழிச்சிருக்கும்போதே கேட்டுடலாம். எஃப்ஸ்டேப்ல இருக்கிற எல்லாத்தையும் இப்பவே திறன்னு சொல்லு. தப்பிருந்தா திட்டும்."

அந்தக் கட்டளையைக் கொடுத்தாள். என்டர். கணினிக்குள் ஏதோ ஒரு முறை கறகறத்தது. திரையில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கோடு மட்டும் அடுத்த வரிக்கு இறங்கிக் கண்ணடித்தது.

"ஒண்ணுமே சொல்லலடா."

"ஒண்ணுமே சொல்லலயா?"

"ஒண்ணுமே."

"அப்போ எல்லாம் சரி! லினக்ஸ் நல்லா இருந்தா வாயைத் திறக்காது."

"எங்க வீட்டுக்காரர் மாதிரியே," என்றார் மாமியார்.

வாசலைத் திறந்து பார்த்தாள். அன்னம், ஆலிலை, யானைகள், மயில். பிறகுதான் ரீஸ்டார்ட். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அந்த இடம் வந்தது, முன்பு நின்ற அதே இடம். மணவாளன் அவள் கையைப் பிடித்தான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. இந்த மனிதருக்கும் பயம் இருந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு வரி ஓடியது: 'தோகை, சுத்தமாக இருக்கிறது.' நாடி பார்த்தாகிவிட்டது. எழுத்துகள் மேலே ஓடி மறைந்து, பழக்கப்பட்ட நீலத் திரை விரிந்தது.

வெளியே குட்டியானை வண்டி ஹாரன் அடித்தது. ரேணுகா மிஸ் பட்டுப்புடவையும் பரபரப்புமாக இறங்கி வந்தார். "லோகா, மயில் ரெடியா? பிள்ளைங்க இப்பவே வந்து உக்காந்துட்டாங்க."

"இப்பத்தான் மிஸ் பேரு வெச்சோம்."

"யாருக்கு?"

"அப்பால சொல்றேன் மிஸ், நேரம் தாண்டப் போவுது!" என்று மணவாளன் ஏழடித் தெர்மகோல் பலகையைத் தூக்கிச் சட்டத்தில் நிறுத்தினான். பச்சையப்பன் கம்பியைத் துடைக்கப் போனார். "அண்ணே!" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் கத்த, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

லோகநாயகி மயிலைத் திறந்தாள். ஒற்றைக் கோடு, வாலின் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு இறகையும் சுற்றிக்கொண்டு, எங்கும் அறுபடாமல் திரையில் இருந்தது. மின்சாரத்தைக் கொடுத்தாள். கம்பி மெல்லச் சிவந்தது. பலகையின் ஓரத்தைத் தொட்டது, ஒரு நூல் புகை எழுந்தது, உள்ளே போனது.

"எங்கேருந்து ஆரம்பிக்குது?" என்றார் ரேணுகா மிஸ், குனிந்து.

"தோகையிலேருந்து மிஸ். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெர்மகோல் புடவையில ஒட்டிக்கும்."

அவர் தள்ளி நிற்கவில்லை. முதல் இறகின் வளைவு வெளியே தெரிந்தபோது, அவருடைய வலது கால் தன்னையறியாமல் சிமெண்டுத் தரையில் ஒரு முறை தட்டியது. அடுத்த இறகுக்கு இன்னொரு முறை. பச்சையப்பன் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையோடு தானும் தட்டினார். கம்பி அவசரப்படாமல் அடுத்த இறகுக்குத் திரும்பியது.